புத்தூர் வௌவால் ஈக்கள்

புத்தூரில் கந்தப்புவின் வீட்டு வளவுக்குள் ஒரு பழைய கல்வீடு பூட்டிக் கிடந்தது. அதன் நடு அறை முழுக்க வௌவால். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சி செய்யும் உதயகலா, அந்த வௌவால்களின் மயிருக்குள் இருந்து இரத்தம் குடிக்கும் ஈக்களைப் பிடிக்க வந்துபோய்க்கொண்டிருந்தாள். கந்தப்புதான் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுப்பார்.

“என்ன பிள்ளை, சிலந்தி மாதிரிக் கிடக்கு?” ஈக்கள் கிடந்த போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“ஈதான் ஐயா. சிறகு இல்லை. வௌவாலை விட்டா உதுக்குச் சீவியமும் இல்லை.”

அவள் உற்சாகமாகச் சொன்னாள். சிறகுள்ளது ஒரு குடும்பம், இல்லாதது இன்னொரு குடும்பம் என்று முன்பு பிரித்து வைத்திருந்தார்கள். மரபணுவைப் படித்த பிறகு அந்தப் பிரிப்பு குழம்பிப்போயிற்று. குடாநாட்டில் உள்ளது எல்லாம் ஒரே இனம் என்று அவளுடைய பேராசிரியர் வாகீசன் எழுதியிருக்கிறார். புத்தூர் ஈ அப்படி இல்லை. அதைக் காட்ட இன்னும் கொஞ்ச ஈ வேண்டும்.

“அப்ப பார்வைக்கு ஒண்டு, சாதி வேறை எண்டுறீர்?”

“சாதி ஒண்டுதான் ஐயா. இனம்தான் வேறை.”

கந்தப்பு வாய்விட்டுச் சிரித்தார். “உமக்குச் சொந்த இடம் எது பிள்ளை?”

“சண்டிலிப்பாய்.”

“சண்டிலிப்பாயிலை எந்தப் பக்கம்? ஆரின்ரை பிள்ளை?”

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். வேறு நாளென்றால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாள். அன்றைக்கு ஈக்களைப் பற்றிக் கதைத்த சந்தோஷத்தில் அப்பாவின் பெயரையும் இடத்தையும் சொல்லிவிட்டாள். கந்தப்புவின் சிரிப்பு மாறவில்லை. போத்தலை மதிலில் வைத்துவிட்டுக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். தேநீரோடு வந்த மனைவி மகாதேவியைப் பார்த்தார். அவள் தட்டோடு திரும்பிப் போனாள்.

அடுத்த கிழமை உதயகலா வந்தபோது தெருவுக்கே எரிந்த ரயர் மணத்தது. அறைக்குள் புகை போட்டுக் கதவை அடைத்து, பிறகு திறந்திருந்தார்கள். வாசலில் வௌவால்கள் குவிந்து கிடந்தன. சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடின.

“வௌவால் காய்ச்சல், வருத்தம் எல்லாம் பரப்புமாம்,” என்றார் கந்தப்பு, மாமரத்தடிக் கதிரையில் இருந்தபடி.

அவள் குந்தியிருந்தாள். குளிர்ந்துகொண்டிருந்த உடல்களை விட்டு ஈக்கள் வெளியே வந்து, சூடு தேடி அவளுடைய விரல்களில் ஏறின. அழுதழுது ஒவ்வொன்றாகப் பிடித்து மதுசாரப் போத்தலில் போட்டாள். இவ்வளவும் போதும் என்று நினைத்தாள்.

“உந்தப் போத்தலை வைச்சிட்டுப் போ.”

“ஐயா, உது வெறும் ஈ.”

“என்ரை வளவு. ஆரைக் கேட்டு எடுத்தனீ?”

அவள் தள்ளி நின்று வாகீசனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் முழுவதையும் கேட்டார்.

“குடுத்திட்டு வாரும். அவர் எங்களுக்குச் சொந்தம், நான் கதைக்கேலாது.” பிறகு குரலைத் தணித்தார். “உம்மை ஆர் உதெல்லாம் சொல்லச் சொன்னது?”

போத்தலை நிலத்தில் வைத்தாள்.

“ஊத்து,” என்றார் கந்தப்பு.

ஊற்றினாள். அவர் எழும்பி வந்து செருப்பால் மண்ணோடு தேய்த்தார். பிறகு கிணற்றடிக்குக் கால் கழுவப் போனார்.

பேருந்தில் வரும்போது கழுத்தடியில் ஏதோ ஊர்ந்தது. ஓர் ஈ. பையில் இன்னொரு போத்தல் இருந்தது. ஓர் ஈயை வைத்து என்ன நிரூபிக்கப்போகிறீர் என்று வாகீசன் கேட்பார், சிரித்துக்கொண்டு கேட்பார். அவள் அதை இரண்டு பெருவிரல் நகங்களுக்கும் இடையில் வைத்து நசுக்கினாள். லேசில் சாகவில்லை. திரும்பவும் நசுக்கினாள்.

பக்கத்தில் இருந்த பெண் தள்ளி இருந்தாள். “பேனோ பிள்ளை?”

“ஓம்,” என்றாள் உதயகலா.

குடாநாட்டு வௌவால் ஈக்கள் பற்றிய கட்டுரை மாசியில் வெளிவந்தது. ஈக்கள் எல்லாம் ஒரே இனம் என்றிருந்தது. வாகீசனுக்குக் கீழே அவளுடைய பெயரும் இருந்தது.