ஜானவிக்கு அவகாசமில்லை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எழுதுபவள் பெயர் மீனு. மலையாள நாட்டிலுள்ள ஆரியசாலையின் தமிழ்க்காரி, என்.சி.சி. கேடட். 'நான்' என்று எழுதினால் கை ஓடவில்லை, அதனால் 'மீனு' என்றே எழுதுகிறாள். கண்டுகொள்ளாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பொன்முடி ஏற்றத்தில் பனி இறங்கிய அந்தக் காலையில்..." (வேண்டாம். பனி ஒரு பாவமும் செய்யவில்லை.)

இரண்டாவது: இளையோர் சாதனை விருதின் தங்க நிலைக்கு நான்கு நாள் மலைநடை உண்டு. இரண்டாம் நாளே மீனு மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு ஜானவி இவள் பையையும் சேர்த்துச் சுமந்து முகாம் வரை கூட்டிவந்தாள். அங்கிருந்து மீனு ஜீப்பில் மலையிறங்கினாள். ஜானவி நடையை முடித்தாள். மீனுவுக்கு வெள்ளியோடு சரி. அந்தப் பையை மட்டும் தூக்காமல் இருந்திருந்தால் ஜானவியை மன்னித்திருப்பாள்.

3

[ஜானவியைக் கொஞ்சம் கர்வக்காரியாக்கலாமா? மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்து அடித்தாயிற்று. பாவி, நல்லவளாகவே இருந்து தொலைக்கிறாள்.]

4

வெள்ளிக்கிழமை, விருதுக்கான பதிவேட்டை ஒப்படைக்கக் கடைசி நாள். ஜானவி போனில் சொன்னாள்: "அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்டீ. இன்னிக்கு வர முடியாது. நீ ஆபீசுக்குத்தானே போறே? திங்கள் காலம்பற கொண்டுவரேன்னு ஷைலஜா மேடம்கிட்ட சொல்லிடு, கேட்டியா?"

விருதுப் பட்டியலைத் தயாரிக்கும் மேடம் மலையாளி. மீனு மலையாளத்தில் சொன்னாள்: "மேடம், ஜானவிக்கு அவகாசமில்லா."

தமிழில் அவகாசம் என்றால் நேரம். மலையாளத்தில் உரிமை.*

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அவகாசமில்லே? நடத்தம் முழுவனாக்கியில்லே? எங்கில் பேரு வெட்டாம்." (உரிமையில்லையா? நடையை முடிக்கவில்லையா? அப்படியானால் பெயரை வெட்டிவிடலாம்.)

பட்டியலில் ஜானவியின் பெயர்மேல் சிவப்புப் பேனா ஓடுவதை மீனு பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்தது.

* பன்னிரண்டு வருஷம் மலையாளப் பள்ளியில் படித்தவளுக்கு நேரத்துக்குச் 'சமயம்' என்று சொல்லத் தெரியாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

5

முடிவு அ: மீனு மேடத்துக்குப் போன் போட்டு... (எண் கையில்தான் இருக்கிறது.)

முடிவு ஆ: தனக்கு ஒரு கண் போனாலும் அடுத்தவளுக்கு இரண்டு கண்ணும்...

இன்று ஞாயிறு. பட்டியல் நாளை காலை பத்து மணிக்கு மேலிடத்துக்குப் போகிறது. அதற்குள் ஒரு போன் போதும். சற்றுமுன் ஜானவியின் செய்தி வந்தது: "மேடம்கிட்ட சொன்னியாடீ? நீ இருக்கறதால நிம்மதி."

பதில் போடாமல் மீனு இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதுவும் தமிழில். இந்த மொழியில் அவள் சொன்னது பொய்யே அல்ல. மலையாளத்தில் எழுதியிருந்தால் தலைப்பிலேயே மாட்டியிருப்பாள்.

நாளை பத்து மணி வரை இவளுக்கு அவகாசம் இருக்கிறது. எந்த மொழியில் என்று நீங்களே சொல்லுங்கள்.