குழிக்குப் போகாத தொலி

மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த எஸ்டேட் பங்களாவில், சமையல்காரர் பொன்ராஜ் சீமைத்தக்காளியை வேகவைத்து, துணியில் வடிகட்டி, துரைக்குச் சாஸ் காய்ச்சுவார். மிஞ்சும் தொலியையும் விதையையும் குழியில் கொட்டி மூடவேண்டும் என்பது துரைசாணியின் உத்தரவு. மூடுகிற வேலை சுருளியம்மாளுக்கு.

"சத்தைக் குழியில போட்டுட்டுச் சாறைக் குப்பியில அடைக்காக" என்று முணுமுணுத்தபடி அவள் கூடையோடு நேரே கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். பாதி அம்மியில் துவையலாகும். மீதி அவளுடைய ஒற்றைக் கோழிக்கு.

ஒருநாள் பங்களாவில் முட்டை தீர்ந்துபோய், பொன்ராஜ் அவளிடம் இரண்டு வாங்கிப் போனார். உடைத்தால் கரு குங்குமமாய்ச் சிவந்திருந்தது. துரை தட்டை வழித்துச் சாப்பிட்டார். துரைசாணி சும்மா இருப்பாளா? அந்தக் கோழியையே வாங்கிப் பங்களாக் கோழிகளோடு கூண்டில் அடைத்து, நல்ல பச்சரிசியாகப் போட்டாள். மூன்றே வாரத்தில் கரு வெளுத்துப்போனது.

பொன்ராஜ் அந்தக் கோழியோடு பங்களாக் கோழிகள் ஆறையும் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார்.

"லயத்துக் காத்துலதான் முட்டை செவக்குதாம், சுருளி. இனி எல்லாத்தையும் நீயே வளக்கணுமாம். தொரைசாணி உத்தரவு."

சுருளியம்மாள் கோழிகளைப் பார்த்தாள். மூலையில் இருந்த கூடையைப் பார்த்தாள்.

"காத்துக்கு இங்க ஒரு கொறையுமில்லண்ணே. ஏழு கோழிக்குத் தொலிதான் காணாது. நாளையில இருந்து சாஸை ரெட்டிப்பாக் காச்சுங்க."