கொக்கி முனையில் தக்கை

இப்போதெல்லாம் யாரையும் சும்மா சாகவிடுவதில்லை. செத்த மூன்றாம் நாளுக்குள் ஒரு கதையைக் கட்டி, அதையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், காகிதத் தட்டில் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் ஆறிக்கொண்டிருக்க, செல்மர் தன் அண்ணன் எய்னாரைப் பற்றிய கதையைக் கேட்டுக்கொண்டு நின்றார். சொன்னவன் எய்னாரின் மருமகன் பிரெட்.

"ரெண்டடி டிரவுட்! அத இழுத்துக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு நின்னிருக்கு. பிடிச்ச வேலைய செய்யும்போதே உயிர் போறது யாருக்குக் கிடைக்கும்?"

மேலே ஜெபம் முடிந்தபோது அந்த மீன் ஒன்றரை அடிதான் இருந்தது. படி இறங்குவதற்குள் அரை அடி வளர்ந்துவிட்டது.

"நீ பாத்தியா?" என்று கேட்டார் செல்மர்.

"நான் போனது நாலு மணிக்கு மாமா. அப்பவே விறைச்சுப் போய்ட்டாரு. ஆனா தூண்டில் கம்பு பக்கத்துலயே இருந்துச்சே."

"எங்க வீட்டு வாசல்ல கூடத்தான் மண்வெட்டி நிக்குது. அதுக்காக நான் பனி அள்ளிட்டேன்னு அர்த்தமா?"

தூண்டில் கடை ஹார்லன் காபியை உறிஞ்சியபடி சிரித்தான். "விடுப்பா செல்மர். ரெண்டடி மீனப் பிடிச்சுட்டு எய்னார் உயிரோட இருந்திருந்தா, அதையே சொல்லிச் சொல்லி நம்மள எல்லாம் கொன்னிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்மர் சிரிக்கவில்லை. அவர் எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு வைக்கோல் கட்டப் போனவர். ஆனால் பிப்ரவரி மாதத்து ஆறு அவருக்குத் தெரியும். காலையில் ஆறு முழுக்கக் கஞ்சிபோலப் பனிக்கூழ் மிதந்து வரும். தூண்டில் கம்பின் வளையங்களில் ஐஸ் அடைத்து நூல் நகராது. மீன்கள் ஆழமான மடுவின் அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். இறகில் கட்டிய பொய் ஈயை மூக்குக்கு நேரே கொண்டுபோய் விட்டாலும் வாயைத் திறக்காது. வெயில் ஏறித் தண்ணீர் கொஞ்சம் இளகினால்தான் உண்டு. மதியத்தை ஒட்டி ஒரு மூன்று மணி நேரம், அவ்வளவுதான் பனிக்கால மீன்பிடி. அதற்காகவே எய்னார் ஒரு வெப்பமானியில் மனைவியின் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். அதை ஆற்றங்கரைப் புதரில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுவார். பாதரசம் கோட்டைத் தொடாமல் தூண்டில் நனையாது.

இன்னொரு விதியும் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் கரையோரப் பனிப்பாளம் உடைந்து செல்மர் உள்ளே போய்விட்டார். எய்னார்தான் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பனிக்காலத்தில் ஒருவர் தண்ணீரில், ஒருவர் கரையில். தனியாக இறங்குவது கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை எய்னார் போன் செய்திருந்தார். "இன்னிக்கு வெயில் அடிக்கும். பதினொரு மணிக்கு வந்துருடா."

"வரேன் வரேன்" என்றார் செல்மர். அடுப்புப் பக்கத்து நாற்காலியில் பூட்ஸை மாட்ட உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். விழித்தபோது மணி ஒன்றரை. இனிப் போய் என்ன, எய்னாரும் திரும்பியிருப்பான் என்று இன்னொரு விறகைப் போட்டார். அப்புறம் எல்லோரிடமும் சாலை வழுக்கலாக இருந்தது என்று சொன்னார். சாலை நன்றாகத்தான் இருந்தது.

கூடத்தின் மூலையில், எய்னாரின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் கம்பைச் சாத்தி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அதைத் தாண்டிப் போனவர்களில் பாதிப்பேர் மீன் பிடிக்கிறவர்கள். செல்மர் தட்டை வைத்துவிட்டுப் போய் நூலின் நுனியைக் கையில் எடுத்தார். அரிசி அளவு கறுப்பு ஈ. அதன் கொக்கி முனையில் மிளகு அளவுக்கு ஒரு தக்கைத் துண்டு குத்தியிருந்தது. பார்க்கிறவர்கள் அதையும் ஈயின் உடம்பு என்று நினைத்திருப்பார்கள். அது எய்னாரின் பழக்கம். நடக்கும்போது கையில் குத்தாமலிருக்க முனையில் தக்கையைக் குத்தி வைப்பார். தண்ணீரில் போடுவதற்கு முன்னால்தான் பிடுங்குவார்.

தக்கை அப்படியே இருந்தது.

மீனும் இல்லை, போராட்டமும் இல்லை. ஆள் ஆற்றில் இறங்கவே இல்லை.

"சித்தப்பா."

எய்னாரின் மகள் லார்னா பின்னால் நின்றாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். செல்மர் ஈயைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"பிரெட் சொல்றது நெஜமா? அப்பா கடைசியா மீனோடதான் இருந்தாரா? நீங்க சொன்னா நான் நம்புவேன்."

செல்மர் யாரிடமும் இனிக்க இனிக்கப் பேசியவர் அல்ல. லார்னாவின் கல்யாணத்திலேயே கேக் வறண்டிருக்கிறது என்று சொன்னவர். இப்போது கைக்குள் கட்டைவிரல் நகத்தால் தக்கையை நெம்பினார். கொக்கி உள்ளங்கையில் ஏறியது. தக்கை வந்துவிட்டது.

"கம்ப அப்படி ஓரமா வைக்காத. யாராவது மிதிச்சுருவாங்க" என்றார். பிறகு, "நல்ல மடு அது. பெரிய மீன் உண்டு."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சரியான நேரத்துக்குப் போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம் சித்தப்பா. போய் உக்காந்ததுமே, பதினொரு மணிக்கு முன்னாடியே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"அவரு எங்க இருந்தாரு அப்போ?"

"சித்தப்பா!"

"சரி, சரி."

"நேத்துதான் அப்பாவோட காபி பிளாஸ்க்கைக் கழுவினேன். மிச்சத்தக் கீழ ஊத்தவே மனசு வரல. சரியா பாதி மிச்சம் வெச்சிருந்தாரு."

செல்மர் தலையாட்டினார். அந்த பிளாஸ்க்கில் இரண்டு பேருக்கான காபி. எய்னார் தன் பங்கை ஒருபோதும் முதலில் குடித்ததில்லை. தண்ணீர் இளகுகிற வரை ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். செல்மர் தாமதமானால் திட்டிக்கொண்டே காத்திருப்பார். எத்தனை மணி வரை காத்திருந்துவிட்டுத் தன் பாதியைக் குடித்தார் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

"சாப்பிடாம எங்க போறீங்க?"

"காத்தாட."

ஆறு நடக்கிற தூரம்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் மிதித்த பனி இறுகிக் கிடந்தது. புதரில் கயிறு அப்படியே இருந்தது; யாருக்கும் அதை அவிழ்க்கத் தோன்றவில்லை. செல்மர் குனிந்து, கயிற்றில் பிடித்திருந்த ஐஸை உடைத்து, வெப்பமானியை வெளியே இழுத்தார்.

பாதரசம் சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது.

நகத்தால் தட்டிப் பார்த்தார். நகரவில்லை. மறுபடி தண்ணீருக்குள் விட்டு, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி எடுத்துப் பார்த்தார். அதே கோடு. மணி ஒன்று. நல்ல வெயில். மீன் வாயைத் திறக்கிற நேரம். உள்ளங்கையில் ரத்தம் உறைந்திருந்தது. தக்கை கோட்டுப் பைக்குள் விரலில் தட்டுப்பட்டது.

வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். சாலையை நோக்கி நடந்தார்.

பத்தடி போயிருப்பார். பின்னால், மடுவின் பக்கம், தண்ணீரில் ஏதோ பலமாக விழுந்தது.

"ஐஸ் உடைஞ்சிருக்கும்" என்றார் செல்மர், திரும்பாமலே.