சத்தம் போடாத ஃபேன்

"நீ முன்னறையில உக்காருறதை நான் வேண்டாம்னா சொல்லுதேன்? உன் கம்ப்யூட்டர்தான் வேண்டாங்குது. அது இரையுற இரைச்சல்ல ஏஜெண்டுககிட்ட நான் என்னத்தப் பேச?" என்றார் அழகுராஜா.

சிவகாசியில் அவருடைய காலண்டர் கம்பெனிக்குப் படம் போட்டுக் கொடுப்பவள் பொன்மணிதான். முருகனுக்கு மயில் எந்தப் பக்கம், ஜவுளிக்கடைப் பெயருக்கு என்ன நிறம், எல்லாம் அவள் கை. உட்காருவது மட்டும் பின்கட்டில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே, பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம்.

முன்னறையில் ஏசி உண்டு. ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்துக்குப் பூஜை போட்டதும் ஊரூராக ஏஜெண்டுகள் அங்கே வந்து இறங்குவார்கள். மற்ற கம்பெனிகளில் படம் போடுகிறவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதைப் பெருசாக்குங்க, அதை இறக்குங்க" என்று கண்ணெதிரே மாற்றி வாங்குவார்கள். இங்கே அழகுராஜாவே முன்னும் பின்னுமாக நடந்து, பொன்மணி மாற்றிக் கொடுத்ததைக் கொண்டுபோய், "நான் போட்டது" என்று காட்டுவார்.

"சத்தம் நின்னுட்டா நான் முன்னால உக்காரலாமா மொதலாளி?"

"தாராளமா."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றும் ஃபேனை மாற்ற அவள் அன்றைக்கே காளீஸ்வரன் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

"லைட் எரியுற ஃபேன் வந்திருக்கு தாயி. பச்சை, செவப்பு, ஊதா" என்றார் காளீஸ்வரன்.

"கல்யாண வீட்டுக்கா கேக்கேன்? சத்தமும் போடக்கூடாது, பெட்டியும் சூடாகக்கூடாது."

"அப்ப பெருசு எடு. உன் பெட்டியில கெடக்கது சின்னது. அம்புட்டுக் காத்தையும் தள்ளணும்னா அது தலைதெறிக்கச் சுத்தணும். அதான் கத்துது. பெருசு மெதுவாச் சுத்தியே அந்தக் காத்தைத் தள்ளிரும்."

"ஓட விட்டுக் காட்டுங்க. அதுக்கு முன்னால உங்க தலைக்கு மேல சுத்துற ஃபேனை நிப்பாட்டுங்க. அது கத்துறதுல இது எங்கன கேக்கும்?"

"ஃபேன் வாங்க வந்து ஃபேனை நிப்பாட்டச் சொன்ன ஆளு நீதான்."

"எங்கம்மா பட்டாசு சுத்துற ரூம்ல ஃபேனே கெடையாதுண்ணே. நீங்க செத்த நேரம் வேர்த்தா கொறஞ்சா போவீக?"

காளீஸ்வரன் சிரித்துக்கொண்டே சுவிட்சை அணைத்தார். முதல் ஃபேன் ஈ மாதிரி முனகியது. அடுத்தது ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. பொன்மணி ஒரு காகிதக் கீற்றைக் காட்டினாள். அது மடங்கிப் படபடத்தது.

"இதுதாண்ணே."

"ஸ்க்ரூ போட்டு முடுக்காத. இந்த ரப்பரைச் சொருகு. இல்லைன்னா தகரமும் கூடச் சேந்து பாடும்."

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து, பஞ்சு மாதிரி அடைந்திருந்த காகிதத் தூசியைத் துடைத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் வெளிச்சம் வந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம், அழகுராஜாவின் அம்மா மூக்கம்மாள் குரல் கேட்டது.

"ஏய்யா, சத்தம் நின்னுபோச்சு போலயே. இப்ப அவகிட்ட என்னத்தச் சொல்லப் போற?"

"அதாம்மா யோசிக்கேன்."

"நம்ம ஆளுக அம்புட்டுப் பேரும் வருவாக. பக்கத்துல உக்காந்தா, எந்த ஊரும்மான்னு கேக்காம இருப்பாகளா? நாரணாபுரம்னு சொல்லுவா. நாரணாபுரத்துல எங்கனன்னு கேப்பாக. அதுக்கப்புறம் எவன் ஆர்டர் குடுப்பான்?"

"கற்பகத்தை உக்கார வச்சிருவோம்."

"அவ உக்காந்த நாற்காலியிலயா அத்தை?" என்றாள் அவர் மனைவி கற்பகம். "எனக்கு வேற வாங்கச் சொல்லுங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்திப் பழக்கமில்லை. பழைய ஃபேன் இரைந்துகொண்டிருந்த இத்தனை வருடமும் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்பது பொன்மணிக்கு இப்போதுதான் உறைத்தது.

சற்று நேரத்தில் அழகுராஜா வந்து பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தார்.

"அடேயப்பா. செத்த வீடு மாதிரில்ல இருக்கு. ஆனா பாரு, ஏசி உனக்கு ஒத்துக்கிடாது. சளி பிடிக்கும்."

"நீங்க பேசினது இங்கன கேட்டுச்சு மொதலாளி."

அவர் முகம் தெளிந்தது.

"கேட்டுருச்சா? நல்லதாப் போச்சு. எப்படிச் சொல்லன்னுதான் முழிச்சிக்கிட்டு இருந்தேன். சரி, இந்த மெசினை முன்னால தூக்கச் சொல்லுதேன். கற்பகத்துக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."

"நான் எதுல வேலை பாக்க?"

"ஸ்டோர்ல பழசு ஒண்ணு கெடக்கு. அது இரைஞ்சா என்ன, இங்கன யாரு வரப்போறா?"

"ஒரு வாரத்துல அக்காவுக்கு எம்புட்டு வரும்? ஏஜெண்டு உக்காந்த இடத்துல மாத்தச் சொன்னா?"

"அதுக்கும் யோசிச்சிட்டேன். கற்பகம் காதுல சின்னதா ஒரு இயர்போனை மாட்டி, முடியால மறைச்சிக்கிடுவா. நீ ஃபோன்ல இருந்து சொல்லு, அவ செய்வா. மெதுவாப் பேசணும் என்ன? வெளிய கேக்கக்கூடாது."

ஆடிப்பெருக்கன்று பூஜை முடிந்தது. பின்கட்டில் பொன்மணி பழைய மெஷினை அணைத்துவிட்டு, ஃபோனைக் காதில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னறைக் கம்ப்யூட்டர் சத்தமே போடாததால் அங்கே காப்பி உறிஞ்சுவதுகூடக் கேட்டது. கற்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சங்கரலிங்கம், இருப்பதிலேயே பெரிய ஏஜெண்டு.

"சாமி முகம் கொஞ்சம் இருட்டா இருக்கேம்மா."

"ரெண்டாவது பட்டனை அமுக்கி மேல இழுங்க" என்றாள் பொன்மணி. "இப்ப வெளிச்சம் வந்துரும் பாருங்கன்னு சொல்லுங்க."

"இப்ப வெளிச்சம் வந்துரும் பாருங்க" என்றாள் கற்பகம்.

"அட, ஆமா. கடைப் பேரை எங்க வைப்பீக?"

"சாமி காலடியில வேண்டாம், மேல வைப்போம்."

"சாமி காலடியில வேண்டாம், மேல வைப்போம்."

இப்படியே போயிற்று. கற்பகத்துக்குக் கை மவுஸில், கண் திரையில். காதில் விழுந்தது அப்படியே வாய்வழியாக வந்துகொண்டிருந்தது.

"நல்ல கை தாயி உனக்கு. எந்த ஊரு?" என்றார் சங்கரலிங்கம்.

"நாரணாபுரம்" என்றாள் பொன்மணி, மெதுவாக.

"நாரணாபுரம்" என்றாள் கற்பகம்.

"நாரணாபுரத்துல எங்கன?"

"காலனி."

"காலனி" என்றாள் கற்பகம்.

நாற்காலி தரையில் இழுபட்டது. டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. "ஓ" என்றார் சங்கரலிங்கம். பள்ளிக்கூடத்திலிருந்தே பொன்மணிக்கு அந்த 'ஓ' தெரியும். கற்பகத்துக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை.

"அய்யய்ய, இவ என் தம்பி மகய்யா" என்று மூக்கம்மாள் பதறிக்கொண்டு வந்தாள். "மல்லாங்கிணத்துல நஞ்சை புஞ்சையெல்லாம் இருக்குய்யா."

"அப்ப பிள்ளை எதுக்கும்மா காலனிங்குது? காலனின்னு எவளாவது வெளையாட்டுக்குச் சொல்லுவாளா?"

"சொல்லேன்டி, கற்பகம்."

கற்பகம் காதுக்குள் அடுத்தது வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கடைசியில் முடியோடு சேர்த்துக் காதைப் பொத்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"பொன்மணி, இப்ப என்ன சொல்ல?"

அழகுராஜா பின்கட்டுக் கதவை உதைத்துத் திறந்தபோது பொன்மணி சோற்று வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி நின்றிருந்தாள். ஃபோனை அணைத்திருந்தாள்.