மேல்மாடி வருகைப் பதிவேடு

இடது காலுக்கு சாக்ஸ் ஏறவில்லை. ஜாக்குலின் அப்பாவின் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். கால் விறைத்திருந்தது, வீங்கியும் இருந்தது. மூன்று மணிக்குக் கோயிலில் பூசை, நான்கு மணிக்குக் கல்லறை. பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"அந்த ரெஜிஸ்டர் உங்கிட்டதானேம்மா இருக்கு?"

நிமிர்ந்தாள். தீனதயாளன் நின்றிருந்தார். அப்பாவுக்குக் கல்லூரி விடுதியில் ஒரு வருடம் சீனியர், பின்னாளில் கலெக்டர். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும், கேட்டவுடன் கோப்பு வந்துவிட வேண்டும் என்பதுபோலக் கையை நீட்டும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"இருக்கு அங்கிள். நாந்தானே படிக்கணும்?"

"படிக்கலாம். அதுக்கு முன்னாடி உங்கிட்டக் கொஞ்சம் பேசணும்."

சாக்ஸை எப்படியோ ஏற்றிவிட்டு எழுந்தாள்.

சேலத்தில் அந்தக் கல்லூரியில் படித்தவர்களிடம் 'மேல்மாடி' என்றால் போதும், முதுகு நிமிரும். அறுபது வருடம் முன்பு விடுதியின் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாமல், முறைவைத்து வாளி சுமந்த ஆறு பையன்கள் ஆரம்பித்த கூட்டம் அது. வாளி போய்க் குழாய் வந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. அரக்கு நிறத் துண்டு வந்தது, சத்தியப்பிரமாணம் வந்தது, வருடாந்திர விருந்து வந்தது. அதிலிருந்து ஒரு கலெக்டர், இரண்டு நீதிபதிகள், ஒரு எம்.எல்.ஏ., திருச்செங்கோட்டில் எண்ணிக்கை தெரியாத போர்வெல் ரிக் வண்டி முதலாளிகள். அடுத்த மாதம் வெளிவரப்போகும் வைரவிழா மலரில் 'புகழ்பெற்ற மேல்மாடியார்' என்று பதினொரு பக்கம். அப்பா சேவியர்ராஜ் அதில் இல்லை. அவர் பள்ளிபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஒரு நிமிடம் பிந்தி வந்தவனுக்குக்கூடச் சலுகை காட்டாத ஆள் என்று தொழிலாளர்களிடம் வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியவர்.

மேல்மாடிக்காரன் எங்கேயும் ஆப்சென்ட் ஆகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். வராதவனுக்கு வந்தவன் குரல் கொடுத்துவிட வேண்டும். அன்றைய வார்டன் தமிழ்ப் பேராசிரியர் என்பதால் எல்லாரும் 'உள்ளேன் ஐயா'தான். அந்தப் பழக்கம் கல்லறை வரைக்கும் வந்துவிட்டது. ஒருவர் இறந்தால் அவருடைய பிள்ளை குழிமேட்டில் நின்று அந்த செட்டின் பதிவேட்டை வாசிக்க வேண்டும். இறந்தவரின் பெயர் வரும்போது அத்தனை பேரும் சேர்ந்து 'உள்ளேன் ஐயா' என்பார்கள். சின்ன வயதில் அப்பாவோடு அப்படி ஒரு சாவுக்குப் போய், அந்தச் சத்தத்தில் ஜாக்குலினுக்கு மயிர் சிலிர்த்திருக்கிறது. அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் கூச்சம் என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

அப்பாவின் எழுபத்தொன்பதாம் வருட செட்டில் பதினெட்டுப் பெயர். பதினேழுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. வாசிப்பவர்கள் பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாவிவிடுவார்கள். நேற்றுக் காலை ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அப்பா சொன்னது அதைப் பற்றித்தான். "பதினேழையும் கூப்பிடு. ரெண்டு தடவை கூப்பிடு. யாரும் பதில் சொல்லலன்னா ஆப்சென்ட் போடு." ஏன் என்று கேட்பதற்குள் நர்ஸ் மாஸ்க்கை மாட்டிவிட்டாள். பத்து மணிக்கு அவர் போய்விட்டார். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று இன்று காலையில் தீனதயாளன் கேட்டபோது ஜாக்குலின் இதை வெகுளியாகச் சொல்லிவைத்திருந்தாள்.

பின்கட்டில் துவைக்கிற கல்லருகே தீனதயாளன் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பதினேழு, சென்னியப்பன், உங்கப்பாவோட ரூம்மேட். ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட் இயர். மேல்மாடியில சேரணும்னா பின்னால இருக்கிற பாழுங்கிணத்துல தனியா இறங்கி, அடிக்கல்லுல தன் நம்பரைக் கீறிட்டு வரணும். எல்லாரும் இறங்கியிருக்கோம். அவன் சாயங்காலம் நாலு மணிக்குப் போனான். திரும்பி வரல."

"தேடலையா?"

"ஏழு மணிக்கு அட்டெண்டன்ஸ். வார்டன் பதினேழுன்னு கூப்பிட்டார். உங்கப்பா 'உள்ளேன் ஐயா'ன்னுட்டான். கூட இருக்கிறவன் மாட்டிக்கக் கூடாதுன்னுதான். அவர் டிக் அடிச்சுட்டுப் போயிட்டார். ஆப்சென்ட் போட்டிருந்தா விடுதியே டார்ச் எடுத்துக்கிட்டுத் தேடியிருக்கும். மறுநாள் பத்து மணிக்குத்தான் கிணத்துல பாத்தாங்க. கால் முறிஞ்சு கிடந்தான். விடியற வரைக்கும் உசிரு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார்."

ஜாக்குலின் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு மணிக்கு ரூம்ல இருந்தவன் ராத்திரி தானாப் போய்க் குதிச்சிருக்கான்னு போலீஸ் எழுதிக்கிச்சு. நாங்க ஒண்ணும் சொல்லல."

"அவரைக் கிணத்துக்கு அனுப்புனது யாரு?"

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "அந்த வருஷம் நாந்தான் லீடர்."

ஜாக்குலின் கல்லிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்காகக் கேக்கலம்மா. அந்தப் பையனோட தங்கச்சி வாசல் பந்தல்ல உக்காந்திருக்கு. அது காதுல விழுந்தா உங்கப்பா பேருதான் கெடும். உண்மையா இல்லையா?"

உண்மைதான். தன் பெயருக்கும் சேர்த்துத்தான் அவர் கேட்கிறார் என்பதும் உண்மை. இரண்டும் உண்மையாக இருப்பதுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பந்தலில் கடைசி நாற்காலியில் அந்தத் தங்கை, பெருமாயி, உட்கார்ந்திருந்தாள். நாமகிரிப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். அப்பா வருடம் தவறாமல் ஆவணியில் ஒரு நண்பரின் திதிக்குப் போவார், ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு திரும்புவார். அந்த வீட்டு அத்தை என்ற அளவில்தான் ஜாக்குலினுக்கு இவளைத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு வாய் காப்பியாச்சும் குடிச்சியா சாமி?" என்றாள் பெருமாயி. "உங்கப்பாவாட்ட மனுசன் கெடைக்க மாட்டாருங்க. எங்கண்ணன் அப்படிப் பண்ணிட்டுப் போன பொறவு ஊட்டுப்பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க. இவரு ஒருத்தருதான் வருவாரு. எங்கப்பன்கூட உக்காந்து சாப்புடுவாரு."

"உங்கண்ணன் ஏன் அப்படிப் பண்ணினாருன்னு..."

"எங்கப்பன் வஞ்சிட்டாருங்க. காட்டு வேலைக்கு ஆளில்ல, படிச்சுக் கிழிச்சது போதும், வந்து சேருடான்னு திட்டிக் காயிதம் போட்டாரு. அந்த வாரமே இப்படி ஆயிப்போச்சு. நான் வஞ்சதுலதான் எம்பையன் குதிச்சுட்டான்னு அதுக்கப்பறம் பதினாறு வருசம் இருந்தாரு. யாரையும் ஒரு வார்த்த வையலீங்க. மாட்டைக்கூட அதட்ட மாட்டாரு."

ஜாக்குலினால் அங்கே உட்கார முடியவில்லை. அந்த மனிதரின் எதிரில் அப்பா வருடா வருடம் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். பதினாறு இலை. ஒரு இலையிலாவது சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு வாயைத் திறந்திருக்கலாம். அப்பா மேல் அவளுக்குக் கோபம் பொங்கியது. தான் சொல்ல வேண்டியதை நாற்பத்தைந்து வருடம் தள்ளிப்போட்டுக் கடைசியில் மகள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அழக்கூட நேரம் கொடுக்கவில்லை.

உள்ளே அம்மா, அந்தோணிமேரி, அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"தீனதயாளன் அண்ணன் சொல்லிட்டாரா?"

"உனக்குத் தெரியுமாம்மா?"

"கல்யாணமான வருஷமே சொன்னாரு. அந்த ஊட்டுக்குப் போய்ச் சொல்லிடறேன்னு செருப்பு மாட்டிக்கிட்டு நின்னாரு. நாந்தான் தடுத்தேன். சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு, ஆண்டவர் மன்னிச்சாச்சு, அப்புறம் எதுக்குன்னேன்." அம்மா மாலையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "குழிமேட்டுல வெச்சு அவரைக் குத்தவாளி ஆக்காதடி. என் கண்ணு முன்னால வேண்டாம்."

"அவரே கேட்டதும்மா."

"சாகப்போறவங்க ஆயிரம் கேப்பாங்க."

பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் கல்லறைப் பக்கம் திரும்பியபோது, பெருமாயி வெள்ளைக் கார் ஒன்றின் அருகே பையோடு நின்றிருந்தாள். சாவுக்கு வந்த இடத்தில் வாரேன் என்று சொல்லக் கூடாதென்பதால் ஜாக்குலினைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தவர் தீனதயாளன்.

"இந்த அம்மாவை வீட்டுல கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கேன்" என்றார். "வயசானவங்க, பஸ்ஸுல எதுக்கு அலையணும்?"

கதவைச் சாத்தினால் போதும். அப்புறம் பதினேழைக் கூப்பிடலாம், அப்பா சொன்னதைச் செய்தாயிற்று என்று ஆகிவிடும், யாருக்கும் ஒன்றும் நேராது. ஒரு கணம் ஜாக்குலினுக்கு அது சௌகரியமாகத்தான் பட்டது. அந்தச் சௌகரியம் அவளைப் பயமுறுத்தியது.

"அத்தை, நீங்களும் கல்லறைக்கு வாங்க."

"நானுங்களா? எங்கள்ல பொம்பளைங்க காட்டுக்குப் போறதில்லீங்களே சாமி."

"எங்கள்ல போவோம். வாங்க."

பெருமாயி கலெக்டரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட நடந்தாள். அவள் கையை ஜாக்குலின் விடவேயில்லை.

ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஜெபம் முடித்தார். பெட்டி குழிக்குள் இறங்கியது. எல்லாரும் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துப் பெருமாயியும் எடுத்துக்கொண்டாள். அரக்குத் துண்டு போட்ட பத்துப் பதினைந்து பேர் குழியின் மறுபக்கம் வரிசையாக நின்றார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஜாக்குலின் பதிவேட்டைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் தினமும் நாற்பது பிள்ளைகளுக்கு வருகை எடுக்கிற டீச்சர்தான். ஆனாலும் முதல் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. இருப்பவர்கள் தங்களுக்குத் தனித்தனியாகவும், ஏற்கனவே போய்விட்டவர்களுக்குச் சேர்ந்தும் குரல் கொடுத்தார்கள். பதினாறு முடிந்தது. அடுத்தது பதினெட்டு, சேவியர்ராஜ். வரிசை முழுதும் மார்பை நிமிர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டது.

"பதினேழு. சென்னியப்பன்."

"உள்ளேன்..." என்று பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று குரல் கிளம்பி, பாதியில் விழுங்கப்பட்டது.

குழி வெட்டியவர் சாய்ந்திருந்த மண்வெட்டி சரிந்து விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தீனதயாளன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினேழு. சென்னியப்பன்."

யாரும் பேசவில்லை. ஜாக்குலின் பேனாவை எடுத்து, சிவப்புக் கோட்டுக்கு நேரே ஆப்சென்ட் என்று எழுதினாள்.

"அது எங்கண்ணன் பேருங்களே?" என்றாள் பெருமாயி.

"ஆமா அத்தை." நிறுத்தாமல் சொன்னாள். "உங்கண்ணன் தானாக் குதிக்கல. இவங்க கூட்டத்துல சேர்றதுக்காக நாலு மணிக்கே அவரைக் கிணத்துல இறங்கச் சொல்லியிருக்காங்க. உள்ள விழுந்து கிடந்திருக்காரு. ஏழு மணிக்குப் பேரு கூப்பிட்டப்போ அவர் விடுதியில இல்ல. இருக்கார்னு எங்கப்பா குரல் குடுத்துட்டாரு. அதனால யாரும் தேடல."

பெருமாயி குழியைப் பார்த்தாள். அரக்குத் துண்டுகளில் ஒன்று தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"அப்போ எங்கப்பன் வஞ்சதுல இல்லீங்களா?"

"இல்ல அத்தை."

"அவருக்குத் தெரியாமயே போச்சுங்களே" என்றாள் பெருமாயி. சத்தமே இல்லாமல் சொன்னாள். பிறகு பதிவேட்டைக் காட்டிக் கேட்டாள். "இன்னும் யாரு பேரு கூப்புடோணும்?"

"எங்கப்பா பேரு."

"கூப்புடு சாமி."

"பதினெட்டு" என்றாள் ஜாக்குலின். "சேவியர்ராஜ்."

எதிர்வரிசையில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். பிறகு எழுத வேண்டியதை எழுதிப் பதிவேட்டை மூடினாள்.

"மூடிறலாங்களா?" என்றார் குழி வெட்டியவர், பொதுவாக எல்லாரையும் பார்த்து. ஃபாதர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பெருமாயியைப் பார்த்தாள். பெருமாயி குழியோரம் வந்து கையை விரித்தாள். இறுக்கிப் பிடித்திருந்ததில் மண் நசநசத்து உள்ளங்கையிலேயே ஒட்டியிருந்தது. மற்றவர்கள் தங்கள் கை மண்ணோடு காத்திருந்தார்கள்.