காற்றுக்கு ஒரு மோட்டார்

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மி இல்லாததால் மிக்சி பறந்தது. என் மனைவி மேகலா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மிக்சியின் மோட்டாரைக் கழற்றி, பிளாஸ்டிக் குழாயைக் கீறி மூன்று இறக்கை செய்து மாட்டி, சவுக்குக் கம்பின் உச்சியில் கட்டியிருந்தேன். இறக்கை சுற்றியது; பல்பு எரியவில்லை. கட்டிய கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கம்பு முறிந்து, மொத்தமும் அண்ணன் பாலசுந்தரத்தின் வெங்காயப் பாத்தியில் போய் விழுந்தது.

வேறு யார் கொல்லை என்றாலும் போய் எடுத்திருப்பேன். பாகம் பிரித்ததிலிருந்து எனக்கும் அண்ணனுக்கும் பேச்சில்லை. மின்கம்பம் அவர் பங்கில் நிற்கிறது. அங்கிருந்து என் வீட்டுக்குக் கம்பி இழுக்க அவர் கையெழுத்து வேண்டும். கேட்க வேண்டியவன் நான். பெயரோ ராஜராஜன், வீட்டில் ஒரு குண்டு பல்புகூட எரியாவிட்டாலும் கௌரவத்துக்குக் குறைவில்லை. மறுநாள் காலையில் மோட்டார் மண் துடைத்து வரப்பின்மேல் வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று தெரியாதவன் மாதிரி எடுத்து வந்தேன்.

அந்த மிக்சியை மேகலா பழைய புடவையில் சுற்றிப் பரணில் வைத்திருந்தாள், கரண்டு வரப்போகும் நாளுக்காக. போன மாதம் இருட்டில் அவளைத் தேள் கொட்டியது. நான் செல்போன் வெளிச்சத்தில் தேளைத்தான் தேடினேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன் என்று எறையூருக்குக் கிளம்பிவிட்டாள். ஆடிக்குத் தாய்வீடு போவது புதுப்பெண்கள் வழக்கம். எங்களுக்கோ தலை நரைத்துவிட்டது. எப்ப வருவே என்று போனில் கேட்டால், "அம்மாவுக்கு முட்டி வலி" என்றாள். இன்னொரு நாள், "இங்க டவர் சரியில்ல."

விளக்கு எரிந்தால் வந்துவிடுவாள் என்று நானாக முடிவு செய்துகொண்டு வேறு மோட்டார் தேடினேன். பெரம்பலூரில் காயலாங்கடை வைத்திருக்கும் சைபுல்லா பாய் ஒரு பழைய சீலிங் ஃபேனைக் காட்டினார்.

"கரண்டு குடுத்தா காத்து வருதுல்ல? அப்ப காத்து குடுத்தா கரண்டு வரணும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மிக்சியில் சூடு பட்டவன் செல்போனில் நாலு வீடியோ பார்த்திருந்தேன். உள்ளே காந்தம் இருக்க வேண்டும். மிக்சியில் கிடையாது, அந்த ஃபேனிலும் கிடையாது. இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டுத் தண்டைத் திருப்பினால், காந்தமுள்ள மோட்டார் முரண்டு பிடிக்கும். கடையில் கிடந்ததையெல்லாம் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன ராசா, மோட்டாருக்கெல்லாம் நாடி பாக்குறியா?" என்ற பாய், உள்ளிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார். "எங்கூரு லப்பைக்குடிகாட்டுல, துபாய்லேந்து வந்தவரு ஒருத்தரு நடக்குற மெசினு வாங்கினாரு. ரெண்டு நாளு நடந்தாரு. அப்பறம் வூட்ல அதுல துணி காயப்போட்டாங்க. அதோட மோட்டாருதான் இது."

திருப்பினேன். அடங்காத கன்றுக்குட்டி மாதிரி இழுத்துப் பிடித்தது. மெதுவாகச் சுற்றினாலே போதும், இது கரண்டு கொடுக்கும். ரொம்ப நாளைக்குப் பிறகு எதையோ சரியாகத் தேர்ந்தெடுத்த சந்தோஷம்.

அப்படியே பையில் போட்டுக்கொண்டு எறையூர் பஸ் ஏறினேன். மாமியார் வீட்டுக் கூடத்தில், மேகலா முன்னால் மோட்டாரை வைத்து, ஒரு சின்ன பல்பை மாட்டி, தண்டில் கயிறு சுற்றி இழுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. அவள் முகம் மாறவில்லை.

"இத மேல ஏத்திட்டா ராப்பூரா எரியும்" என்றேன்.

"காத்து இல்லாத அன்னிக்கு?"

"பேட்டரி இருக்குல்ல."

அவள் கயிற்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மேகலா, வருவியா மாட்டியா? முட்டி வலி, டவருன்னு சொல்லாத."

"வரமாட்டேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இருட்டுக்குப் பயந்துக்கிட்டு நான் இங்க வரல. ஒங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா என்னைக்கோ கரண்டு வந்திருக்கும். தேளு கொட்டின அன்னிக்குக்கூட ஒங்களுக்கு வாய் வரல. எனக்காக ஒரு வரப்பத் தாண்ட முடியல. மோட்டாருக்கு மட்டும் ஊரெல்லாம் சுத்துறீங்க."

குனிந்து மோட்டாரிலிருந்து பல்பைக் கழற்றினேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். எழுந்து போய் ஃபேனை அஞ்சில் வைத்துவிட்டு, எனக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.