சிவப்பு வளையம் இல்லாத தென்னை

நான் வேலைக்குக் கிளம்பும்போது லீலாவதி இளநீரைக் குடித்து முடித்திருந்தாள். வெட்டிய காய் வாசற்படியில் கிடந்தது.

“எந்த மரம்?”

“பின்னால இருக்கே, அந்தக் குட்டை மரம். நீங்க பறிச்சுக் குடுக்கிற வரைக்கும் காத்திருந்தா பிள்ளையே பொறந்துடும் லா.”

அவளுக்கு ஆறு மாதம். அந்த மரத்துக்கு முந்தின நாள் மாலை விஷம் வைத்தவன் நான்.

அந்த வருஷம் தோட்டத்துச் செம்பனையை மொட்டையடித்த புழு, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் தென்னைகளுக்கும் தாவியிருந்தது. மரத்தில் துளை போட்டு, மருந்தை ஊற்றி, களிமண்ணால் அடைத்து, சிவப்புச் சாயத்தில் வளையம் போடுவது என் வேலை. வளையம் இருந்தால் யாரும் காயைத் தொடமாட்டார்கள். இந்தக் கடைசி மரத்தை அடைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஈரப் பட்டையில் சாயம் ஒட்டவில்லை. காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அவளிடமும் சொல்லவில்லை.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் உடையப்பன் வீட்டுக்கு ஓடினேன்.

“அறிவிருக்காடா உனக்கு? மழை எப்ப விட்டுச்சு?”

“இப்பத்தான் அண்ணே.”

“போய்த் துளையைக் குடைஞ்சு பாரு. வெயில்ல இலையிலேருந்து தண்ணி போனாத்தான் மரம் கீழேருந்து இழுக்கும். ராத்திரி மழையில இழுத்திருக்காது. மருந்து அப்படியே இருந்தா பொழைச்சே.”

“இல்லேன்னா?”

அவர் லோரிச் சாவியைத் தேடப் போனார்.

குச்சியால் களிமண்ணைத் தோண்டினேன். மருந்து இருந்தது. ஆனால் நான் துளையின் வாய்வரை ஊற்றியது ஒரு நகமளவு இறங்கியிருந்தது. மரம் குடித்ததா, கட்டையில் ஊறியதா?

“அங்க என்னங்க பண்றீங்க?” லீலாவதி பின்னால் வந்து நின்றாள்.

“வேர்க்குதா? எச்சில் ஊறுதா?” மருந்து உடம்பில் ஏறினால் முதலில் தெரிவது அதுதான்.

சிரிக்கப் போனவள் துளையைப் பார்த்தாள். தினமும் என் சட்டையிலிருந்து அவள் துவைத்துப் போக்கும் அதே வாடை அதிலிருந்து வந்தது. அவள் கை வயிற்றுக்குப் போனது.

வெயில் ஏறியது. ஓலைகள் சொட்டுவதை நிறுத்திக் காய்ந்தன. துளைக்குள் மருந்து கண்ணெதிரே இறங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. லோரி வந்து நிற்பதற்குள் இன்னொரு நகமளவு போய்விட்டது. லோரியில் ஏறுவதற்கு முன் வளையத்தைப் போட்டேன். பட்டை காய்ந்திருந்தது, சாயம் ஒட்டியது.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரை வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

“பிள்ளைக்கு?” என்று கேட்டேன்.

“பிறக்கட்டும், பார்ப்போம்” என்றார் டாக்டர்.

இன்னும் மூன்று மாதம் இருந்தது.